பூட்டும்போது சொல்கிற வார்த்தை

எங்கள் வீட்டில் எல்லோரும் வெளியே கிளம்பிக் கதவைப் பூட்டும்போது, சாவியைத் திருப்புவதற்கு முன்னால் உள்ளே பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நீ இரு, நாங்க வாரோம்." அவ்வளவுதான். கல்யாணமாகி ராஜபாளையத்திலிருந்து இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்த புதிதில், என் கணவர் இதைச் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்.

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப யாருகிட்ட சொல்லுதீய?"

"வீட்டுகிட்ட. எங்க வீட்ல அப்படித்தான். பேசாம வா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரைக் கேலி செய்துகொண்டேதான் போனேன். ஆனால் ஒரு வருஷத்துக்குள் என் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறபோது மனசுக்குள் ஏதோ ஒன்று இழுக்கும் இல்லையா, அதற்கு இந்த வார்த்தை நன்றாக இருந்தது. போகப் போக அவரைவிடச் சத்தமாக நான்தான் சொன்னேன்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி குடோனில் பேக்கிங் பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிற வேலை. சாயங்காலம் குடோனைப் பூட்டும்போது, கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் அந்த வெள்ளைச் சுருள்களைப் பார்த்து, பழக்கதோஷத்தில் "நீ இரு, நாங்க வாரோம்" என்று சொல்லிவிடுவேன். என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நான் லீவு போட்ட நாளில்கூடச் சொல்லித்தான் பூட்டுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இது எல்லாம் மாறியது என் மகள் கல்யாணப் பேச்சில்.

எனக்கு ஒரே மகள். ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. வன்னியம்பட்டிப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. மில்லில் ஃபிட்டர். முறைப்படியும் சரியாக வந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. "இவன் இல்லாட்டி வேற யாரும் வேண்டாம்மா" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை. அதனால்தான் பயந்தேன். என் பிடிவாதம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, சொன்னால் சொன்னதுதான். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் இந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் தனியாக நின்றுவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். விவசாயக் குடும்பம். அந்த அம்மா கலகலவென்று பேசினார். வந்த செத்த நேரத்தில் என்னை 'மதினி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருடைய கணவர் வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்று அவர்களோடு நானும் என் கணவரும் மகளும் கிளம்பினோம். என் கணவர் கதவைச் சாத்தினார். இருவரும் சேர்ந்தாற்போல உள்ளே பார்த்துச் சொன்னோம்.

"நீ இரு, நாங்க வாரோம்."

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவின் முகம் செத்துப் போயிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றல் போலிருக்கிறது என்று நான் தண்ணீருக்கு ஓடப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி அவ்வளவு இறுக்கமாக இருந்தது.

"மதினி, இந்த வார்த்தைய எங்க கேட்டிய?"

"எங்க வீட்டுப் பழக்கம் தங்கச்சி" என்றார் என் கணவர். "எங்க அப்பா காலத்துலருந்து சொல்லுதோம்."

"உள்ள அரங்கு வீடு இருக்கா? ஜன்னல் இல்லாத ரூமு?"

இருந்தது. நெல் போட்டு வைக்கிற காலத்தில் கட்டிய உள்ளறை. இப்போது பழைய பாய், உடைந்த ஃபேன், கல்யாண அண்டா எல்லாம் கிடக்கிறது. அவர்களுக்கு ஹாலையும் அடுப்படியையும் மட்டும்தான் காட்டியிருந்தோம். "பூட்டத் தொறங்க அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. திறந்தோம். அவர் நேராக அந்த அறை வாசல் வரைக்கும் போனார், வழி தெரிந்தவர் மாதிரி. உள்ளே கால் வைக்கவில்லை. அவருடைய கணவர் நிலையில் கையை வைத்துக்கொண்டு இருட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மத்தியான வெக்கையிலும் அந்த அறையிலிருந்து வந்த காற்று குளிர்ச்சியாக இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

அந்த அம்மா சொன்னது இது. அவர் கணவருடைய அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் ஊரில் வாந்திபேதி வந்தது. தெருத்தெருவாக ஜனங்கள் வெளியூருக்குக் கிளம்பினார்கள். கிளம்புகிற அன்றைக்கு அவளுக்குக் கண்டுவிட்டது. அவளை உள்ளறையில் படுக்கப் போட்டு, ஒரு பானைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டு ஆட்கள் வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "நீ இரு, நாங்க வாரோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

"வீதியில தண்ணி எடுக்க வந்த பொம்பள ஒருத்தி முனகுத சத்தம் கேட்டு, பூட்ட உடைக்கட்டுமான்னு கதவுக்கு வெளிய நின்னு கேட்டாளாம்" என்றார் அந்த அம்மா. "வேண்டாம், இருன்னு சொல்லிட்டுப் போயிருக்காக, வந்துருவாகன்னு உள்ளருந்து சொன்னாளாம். மறுநாளும் கேட்டாளாம். அதேதான் சொல்லிருக்கா. பொறவு சத்தம் இல்ல."

அந்தத் தண்ணீர்க்காரிதான் பிற்பாடு வன்னியம்பட்டிக்கு வந்து சொல்லியிருக்கிறாள். எம்புட்டு தூரம்? நடந்தே போய்விடலாம். ஒரு ஆளை அனுப்பிப் பிறந்த வீட்டுக்குச் சொல்லியிருந்தால் வண்டி கட்டிக்கொண்டு வந்து தூக்கிப் போயிருப்பார்கள். சொல்லவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்து, எந்தத் தெரு, எந்த வீடு என்பதே அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. அந்த வார்த்தை மட்டும் மறக்கவில்லை.

"எங்க தாத்தாவுக்கு ஒரே சம்சாரந்தான தங்கச்சி" என்றார் என் கணவர்.

"ரெண்டு" என்றார் அந்த அம்மாவின் கணவர். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

காபி குடிக்காமல் கிளம்பினார்கள். வாசலில் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "பிள்ளைகள நான் குத்தம் சொல்லல மதினி. ஆனா அந்த வார்த்தைய இன்னும் சொல்லிக்கிட்டிருக்குத வீட்ல எப்படிச் சம்பந்தம் வைக்க?" என் மகள் எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. என் கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. "நாம என்ன கெட்ட எண்ணத்துலயா சொல்லுதோம்? எவனோ என்னைக்கோ செஞ்சதுக்கு வார்த்த என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

"அன்னைக்குச் சொன்னவுகளும் கெட்ட எண்ணத்துல சொல்லிருக்க மாட்டாக. பிரியமாத்தான் சொல்லிருப்பாக. அதான் அவ நம்பிட்டா" என்றேன்.

"நாளையிலருந்து சொல்லாதீய. அம்புட்டுதான" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்லாம போனா தட்டும்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. அவருடைய அப்பா ஒரு தடவை அவசரத்தில் சொல்லாமல் பூட்டிக்கொண்டு போனாராம். திரும்பி வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. உள்ளே கதவைத் தட்டுகிற சத்தம். திறந்து பார்த்தால் யாரும் இல்லை. அதிலிருந்து மறந்தும் மறப்பதில்லை. ஏன் எதற்கு என்று யாரும் என் கணவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கூடவே, அடுப்படிக்குப் போகிற வழியில் அந்த உள்ளறையைத் தாண்டுவதற்குப் பயமாகவும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகளைக் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் மூன்று பேரும் வேலைக்குக் கிளம்பினோம். என் கணவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பூட்டினார். சாயங்காலம் நான்தான் முதலில் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் நல்ல தமிழ்தான் பேசுவாள், பயந்துவிட்டால் மட்டும் தெலுங்கு வந்துவிடும்.

"லோபல எவரோ உன்னாரு அக்கா" என்றாள். உள்ளே யாரோ இருக்கிறார்கள். "மத்தியானத்துலருந்து தட்டுதாங்க. பலமா இல்ல. மெதுவா, விட்டு விட்டு. யாரையும் வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களா?"

சாவியைப் போட எனக்குக் கை வரவில்லை. என் கணவர் வருகிற வரைக்கும் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு திறந்து பார்த்தோம். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. எலியாக இருக்கலாம், மரக்கதவு வெயிலுக்கு விட்டுக்கொள்கிற சத்தமாக இருக்கலாம். நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மறுநாளும் அவள் அதையேதான் சொன்னாள். அதற்கு மறுநாள் என் கணவர் பூட்டும்போது உதடு அசைவதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சத்தம் இல்லை.

குடோனில் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன். கட்டு மடிக்கிற பிள்ளைகள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டு மூன்று பேர் இனிமேல் அந்த வார்த்தையை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒருத்தி மட்டும், "எனக்கு இது உங்ககிட்டருந்து நல்ல வார்த்தையாத்தான் வந்துச்சுக்கா. எனக்குத் தெரியாத ஒண்ணுக்காக நான் ஏன் விடணும்?" என்று கேட்டாள். அவள் இன்றைக்கும் சொல்லித்தான் பூட்டுகிறாள். நான் அவளுக்கு முன்னால் இறங்கித் தெருவுக்கு வந்துவிடுகிறேன்.

என் மகள் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உள்ளறையில் கிடந்தவள் ஞாபகமும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் என் மகளைவிடச் சின்னவளாகத்தான் இருந்திருப்பாள். சொன்னால் அவளிடம் மறுபடியும் அதே பொய். சொல்லாவிட்டால் மறுபடியும் அவளைத் தனியாக விட்டுப் போகிறோம். இதை யாரிடம் கேட்பது? அவளுடைய ஆட்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வன்னியம்பட்டிக்குப் போனேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார், ஆனால் சிரிக்கவில்லை. நான் உட்காரக்கூட இல்லை. "நாங்க விட்டுட்டோம் மதினி. விட்டா அவ தட்டுதா. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அந்த அம்மாவின் கணவர் தொழுவத்துப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "பொறந்த வீட்டு ஆளு வந்து கூப்பிடாம எந்தப் பொண்ணும் புருசன் வீட்ட விட்டு எறங்க மாட்டா. நாங்க வந்து கூட்டிட்டு வாரோம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். பெண்ணை அழைத்துப் போக வருகிறவர்கள் கொண்டு வருவது போலவே சேலை, பூ, பழம் எல்லாம் தட்டில் இருந்தது. நான் உள்ளறையைக் கழுவி விளக்கேற்றி வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலில் போய் நின்றார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். பார்த்தே இராத ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமே, அந்தக் கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது.

"அத்த, நான் உன் தம்பி மகன் வந்திருக்கேன். இவுக வர மாட்டாக. நீ இருந்தது போதும். வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

விளக்கு அணையவில்லை, காற்று அடிக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. அவர் திரும்பி வாசலை நோக்கி நடந்தார், பக்கத்தில் யாரோ வருகிற மாதிரி ஒதுங்கி, மெதுவாக. நிலைப்படியில் நின்று, தாண்டுவதற்கு நேரம் கொடுத்தார். ஆட்டோவில் அவரும் அந்த அம்மாவும் ஓரத்துக்கு ஓரமாக உட்கார்ந்து நடுவில் இடம் விட்டார்கள். டிரைவர், "இன்னும் ஆள் வரணுமா?" என்று கேட்டான். "ஏறியாச்சு, போப்பா" என்றார் அவர். என் கணவர் தெருவில் நின்று, ஆட்டோ திரும்புகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் சொல்லாமல்தான் பூட்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரியிடம் வெட்கமில்லாமல் தினமும் கேட்டேன். சத்தம் இல்லை என்றாள். ஆவணியில் கல்யாணம் முடிந்து, என் மகளும் வன்னியம்பட்டி போய்ச் சேர்ந்தாள்.

மார்கழியில் ஒரு நாள் குடோனில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. காய்ச்சல், லேசாகத்தான், மாத்திரை போட்டிருக்கிறேன் என்றாள். "மாப்பிள்ள எங்க?" என்றேன். ஷிப்டுக்குப் போயிருந்தார். மாமாவும் அத்தையும் அய்யனார் கோவிலுக்கு, முன்னாலேயே வேண்டிக்கொண்டதாம், போயே ஆக வேண்டும். "அத்த கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, நீ இரு, நாங்க வாரோம்னுட்டுப் போனாங்க. நான் நல்லா தூங்கிட்டேன்" என்றாள். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது ஒரு வார்த்தையாகவே தெரியவில்லை.

கையிலிருந்த சுருளைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், இடம் இருந்தும். வன்னியம்பட்டி வீட்டு வாசலில் போய்ப் பார்த்தால் முன்கதவில் பூட்டுத் தொங்கியது. நான் அடித்த அடியில் தெருநாயெல்லாம் எழுந்துகொண்டது. உள்ளே சத்தமே இல்லை. மறுபடியும் அடித்தேன். "ஏட்டி, பூட்ட உடைக்கட்டுமா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான், முன்பு எங்கள் வீட்டு வாசலில் நின்று இதையே யார் கேட்டது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பதிலை மட்டும் என் மகள் சொல்லிவிடக்கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா இது, பின்வாசல் தொறந்துதான் கெடக்கு" என்றாள் உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கத்தில். "நாய் வருதுன்னு முன்னால பூட்டிட்டுப் போனாங்க. எதுக்கு இப்படிப் பதறுத?"

சும்மாதான் வந்தேன் என்றேன். பின்வாசல் வழியாகப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கஞ்சியைச் சுட வைத்துக் கொடுத்தேன். அவள் மறுபடி தூங்கிப்போனாள். சம்பந்தியம்மா வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வாயில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எங்களை விடச் சொன்ன வார்த்தையை என் பிள்ளையிடம் சொல்ல எப்படி மனசு வந்தது என்று.

வெயில் சாய்கிற நேரத்தில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல், அவளுடைய மாமனார் வாசலிலிருந்தே சத்தமாகக் குரல் கொடுத்தார்.

"வந்துட்டோம் தாயி."

"வந்துட்டோம்மா, எப்படி இருக்கு ஒனக்கு?" என்று அந்த அம்மாவும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். ஏன் வந்தேன் என்று நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தவர், "நான் அதையா சொல்லிட்டுப் போனேன் மதினி?" என்று கேட்டார். நான் வரிசையாக வைத்திருந்ததில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "வந்துட்டீயல்ல, விடுங்க" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த 'வந்துட்டோம்'தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகப் பூட்டும்போது சொல்லியிருக்கிறோம். திறக்கும்போது வந்துவிட்டோம் என்று ஒருத்தர்கூட உள்ளே குரல் கொடுத்ததில்லை. லைட்டைப் போடுவோம், பையை வைப்போம், அவரவர் வேலையைப் பார்ப்போம். அந்தப் பெண் அந்த உள்ளறையிலிருந்து எத்தனை தடவை பூட்டுத் திறக்கிற சத்தத்தைக் கேட்டிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டில் என் கணவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவர் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்று, "வந்துட்டோம்" என்றேன்.

"யாருகிட்ட சொல்லுத? அதான் கூட்டிட்டுப் போயிட்டாகளே" என்றார் அவர்.

உள்ளே யாரும் இல்லை. நான் நிலைப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் லைட்டைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.